விதைச் சீட்டு அச்சிடும் இயந்திரமும் அதன் நினைவகமும்

விதை மூட்டையின்மேல் ஒட்டப்படும் சீட்டு சிறிதேயாயினும், அதனை நம்பியே விவசாயி ஒரு போகத்தின் முதலை மண்ணில் இடுகிறான். 1966-ஆம் வருஷத்து விதைச் சட்டமும் 1968-ஆம் வருஷத்து விதை விதிகளும், பயிர், ரகம், குவியல் எண், முளைப்புத் திறன், சுத்தம், பரிசோதனைத் தேதி, நிகர எடை முதலிய விவரங்களைச் சீட்டில் குறிக்கும்படி விதிக்கின்றன. விதை விற்கும் உற்பத்தியாளரும் சங்கங்களும் இச்சீட்டுகளைச் சிறு இயந்திரங்களில் தாமே அச்சிடலாம். அவ்வியந்திரத்தின் நினைவகத்தைப் பேணாவிடில் நேரும் தவறு, விதைத்தவன் தலையிலேயே விடியும்.

நினைவகம் இருவகை: இவ்வியந்திரங்களில் பெரும்பாலும் இருவகை நினைவகம் உண்டு. ஒன்று தற்காலிகமானது, மின்சாரம் நின்றவுடன் அதிலுள்ளவை அழிந்துபோம். மற்றொன்று ஃபிளாஷ் நினைவகம். மின்சாரமின்றியும் பதிந்ததை வைத்திருக்கும். இதனை ஜப்பானியரான புஜியோ மசுவோகா 1984-ல் உலகறியச் செய்தார். ஜீப்ரா இயந்திரங்களில் தற்காலிக இடத்திற்கு ஆர் என்றும், நிலையான இடத்திற்கு ஈ என்றும் பெயர்.

இடம் நிரம்பும் விதம்: ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம் அச்சிடும் இயந்திரத்தில், 100 மில்லிமீட்டர் நீளமும் 50 மில்லிமீட்டர் அகலமும் உள்ள முழுச் சீட்டைப் படமாகப் பதிந்தால் 3,20,000 புள்ளிகளாகும். 8 புள்ளிக்கு ஒரு பைட்டு ஆகையால், 40,000 பைட்டு தேவை. பத்து லட்சம் பைட்டு இடத்தில் இத்தகைய படங்கள் 25 மாத்திரமே அடங்கும். தமிழ் எழுத்துருவும் கணிசமான இடம் கொள்ளும். மேலும் ‘கொ’ போன்ற எழுத்துகளில் குறிகள் முன்னும் பின்னும் வருவதால், அவற்றைச் சரியாகக் கோக்க அறியாத இயந்திரத்திற்குத் தமிழ் வரிகளைப் படமாகவே அனுப்ப நேரிடும்.

விளையும் தீங்கு: இடம் நிறைந்தபின் அனுப்பும் புதிய படிவம் பதியாமற் போகலாம். அப்போது அதே பெயரில் முன்பே கிடக்கும் பழைய படிவம் அச்சாகும். அதில் சென்ற போகத்தின் குவியல் எண்ணும் பரிசோதனைத் தேதியும் இருக்குமாயின், நல்ல விதைக்கும் பொய்ச் சீட்டு ஒட்டியதாகும்.

செய்ய வேண்டியவை:

1. சின்னம், எழுத்துரு, படிவம் ஆகிய மாறாதவற்றை மட்டும் ஃபிளாஷில் ஒருமுறை பதிக்கவும். குவியல் எண், தேதி முதலியவற்றிற்குப் படிவத்தில் வெற்றிடம் விட்டு, அச்சிடும்போது நிரப்பவும்.

2. ஒவ்வொரு சீட்டுக்கும் சின்னத்தை ஃபிளாஷில் திரும்பப் பதிக்கலாகாது. அழித்தெழுதும் தடவைக்கு வரம்புண்டு. நாளடைவில் அது தேய்ந்துபோம்.

3. போகத் தொடக்கத்தில் நினைவகப் பட்டியலை அச்சிட்டுப் பார்த்து, வேண்டாதவற்றைப் பெயர் குறித்து நீக்கவும். முழுதும் அழிக்கும் கட்டளையைக் கடைசி உபாயமாகக் கொள்க. அதற்குமுன் எல்லாவற்றிற்கும் கணினியில் பிரதி இருத்தல் அவசியம்.

4. பதியும்போதும் அழிக்கும்போதும் மின்சாரத்தை நிறுத்தலாகாது.

5. இடம் போதாவிடில், சில மாதிரிகளில் நினைவக அட்டையோ கூடுதல் ஃபிளாஷோ சேர்க்கலாம். எல்லா மாதிரிக்கும் இவ்வசதி இல்லையாதலால், வாங்கும்போதே விசாரித்தறிதல் நலம். முன்பு வேறிடத்தில் உபயோகித்த அட்டையை இயந்திரம் புதிதாக ஆயத்தம் செய்யுமாயின், அதிலிருந்தவை அழிந்துவிடும்.

சோதனை: படிவம் பதிந்தபின் ஒரு சீட்டு அச்சிட்டு, இயந்திரத்தை நிறுத்தி மறுபடி இயக்கி, இரண்டாம் சீட்டு அச்சிடவும். இரண்டும் ஒத்திருந்தால் படிவம் நிலையான இடத்தில் உளதென அறியலாம். பின்னர் அச்சீட்டைப் பரிசோதனை அறிக்கையுடன் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தே மூட்டைகளில் ஒட்டவேண்டும்.

விதை வாங்கும் விவசாயிகளும் சீட்டை அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துதல் நன்று. முளைப்புக் குறைந்தால் முறையிடுவதற்கு அதுவே ஆதாரமாகும்.