உங்களுக்குத் தெரியுமா? கம்பத்தில் ஓடும் கண்ணாடி

மின்கம்பங்களுக்கென்றே செய்யப்படும் ‘ஏடிஎஸ்எஸ்’ ரகக் கண்ணாடி இழைக் கேபிளில் துளி உலோகமும் கிடையாது! பக்கத்திலேயே மின்கம்பி போனாலும் உள்ளே ஓடும் ஒளிக்குக் கவலையில்லை.

• ஓர் இழையின் தடிமன் 0.125 மி.மீ. கேபிளின் பாரத்தைத் தாங்குவது, குண்டு துளைக்காத உடைகளில் இருக்கும் அராமிட் நூல்.

• ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தில், தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கான கேபிளில் 85 சதவீதம் கம்பம் வழி, 15 சதவீதமே மண்ணுக்கடியில். கடலூர் மாவட்டத்தின் 683 ஊராட்சிகளும் இதில் சேர்த்தி.

• கம்பத்தில் வளையமாகத் தொங்குவது அரைகுறை வேலையல்ல, உபரிக் கேபிள். ‘தானே’ (2011) போலப் புயலடித்துக் கம்பம் சாய்ந்து கேபிள் அறுந்தால், இந்த உபரியை இழுத்து, இழைகளை உருக்கி ஒட்டுவார்கள்.

• செம்பு என்று நினைத்து வெட்டுவோர் கவனிக்க: பழைய இரும்புக் கடையில் பத்து பைசா பெயராது.