வழக்கில் சிக்கித் திரும்பும் மாணவன்: ஓர் ஆசிரியரால் என்ன மாறும்?

"அவன் சேர்க்கையே சரியில்ல சார், மத்த பசங்களையும் கெடுத்துடுவான்." கூர்நோக்கு இல்லத்திலிருந்து பள்ளிக்குத் திரும்பும் சிறுவனை இந்தப் பேச்சுதான் முதலில் வரவேற்கும். அது அவனை மறுபடி தெருவுக்கே தள்ளிவிடலாம்.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில், சிறார் தடுப்பு மையத்திலிருந்து பள்ளிக்குத் திரும்பிய 47 பேரிடம், 'உனக்குத் துணையாக எந்த ஆசிரியர் வேண்டும்?' என்று கேட்டார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும், அவர்கள் சொன்ன ஆசிரியருக்குக் கடிதம் போனது. 2021-ல் வெளியான முடிவு: கடிதம் போகாதவர்களில் 69% பேர் அடுத்த பருவத்துக்குள் மீண்டும் பிடிபட்டார்கள். கடிதம் போனவர்களில் 29% பேர்தான். சின்ன ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் பெரிது.

நம்ம ஊரில்?

பெரம்பலூரின் மக்காச்சோளக் காடுகளுக்கும் அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்கும் பெற்றோர் விடிந்ததுமே வேலைக்குக் கிளம்பிவிடும் வீடுகள் உண்டு. அங்கே பகல் முழுக்கப் பையனைப் பார்க்கும் பெரியவர் ஆசிரியர்தான்.

சட்டம் யார் பக்கம்?

சிறுவன் பக்கம்தான். 18 வயதுக்குட்பட்டவரின் வழக்கைப் பொதுவாக இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். அதில் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள். 2015-ம் ஆண்டுச் சட்டப்படி பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. 'புதிய தொடக்கம்' என்பதும் அந்தச் சட்டத்தின் கொள்கைகளில் ஒன்று.

ஆசிரியர் என்ன செய்யலாம்?

பழைய கதையைக் கிளறாமல், "வந்துட்டியா? விட்ட பாடத்தை மதியம் பார்த்துடலாம்" என்றாலே போதும். கூடுதல் உதவிக்கு 1098.