போல்ட்டை மாத்தினா புல்லட் சொன்ன பேச்சைக் கேட்குமா?

நெய்வேலி டவுன்ஷிப் பசங்களுக்கு மெஷினைப் பத்தித் தனியா க்ளாஸ் எடுக்க வேண்டாம். அப்பா மைன்ஸ், மாமா தெர்மல், பக்கத்து ப்ளாக் அண்ணன் ஐ.டி.ஐ. ஃபிட்டர்னு ஊரே ஸ்பேனர் பிடிச்ச ஊர். அதனாலதான் என்.சி.சி. ஃபயரிங்ல முதல்முறையா .22 ரைபிளைக் கையில் வாங்கினதும் மற்ற ஊர்க்காரங்க, "சத்தம் பலமா வருமா?"னு கேட்டா, நீங்க வேற கேள்வி கேட்பீங்க: "இதுல எந்தப் பார்ட்டை மாத்தினா குறி இன்னும் நல்லா விழும்?"

பெரும்பாலும் எல்லார் விரலும் போல்ட்டைத்தான் காட்டும். கையில் படுற பார்ட் அதுதான். லேசா ஆடும், 'கடக் கடக்'னு சத்தம் போடும். 'ஃபேக்டரில போட்ட இதைத் தூக்கிட்டு பளபளன்னு ஒண்ணை மாட்டினா சும்மா நச்சுனு இருக்குமே!'னு தோணும்.

இருக்குமா? பார்த்துடுவோம் பாஸ்.

போல்ட்டோட டியூட்டி என்ன?

மூணே வேலைதான். தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தணும். ஃபயரிங் பின் மூலமா அதைத் தட்டணும். சுட்டு முடிச்சதும் காலிக் கூட்டை வெளியே இழுக்கணும்.

குறிக்கும் இதுக்கும் தொடர்பு இல்லாம இல்லை. போல்ட்டின் முகம் பேரலுக்குச் சரியான செங்கோணத்தில் இருக்கணும். பூட்டும் லக்குகள் எல்லாம் ஒரே மாதிரி பதியணும். ஃபிட்டர் ட்ரேடு நண்பர்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான்: ப்ளூ தடவி உரசிப் பார்த்தா எது பதியுது, எது தூக்கிட்டு நிக்குதுன்னு தெரிஞ்சுடும். ஒரு பக்கம் மட்டும் பதிஞ்சா, வெடிக்கிற நேரத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதிர்வு மாறும்.

ஆனா, இன்னிக்கு சி.என்.சி. மெஷினில் கடைஞ்சு வர்ற நல்ல கம்பெனி ரைபிளில் இந்தக் கோளாறு பெரும்பாலும் ரொம்பச் சின்னது. அதைத் திருத்திக் கிடைக்கிற லாபமும் சின்னதுதான்.

ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் போதும்!

வேகமான புது போல்ட் விக்கிறவங்க பெருசா சொல்றது 'லாக் டைம்'. டிரிகரை விட்டதிலிருந்து பின் போய்த் தட்டுற வரைக்கும் ஆகிற நேரம். இது சில மில்லி செகண்ட்தான். புது போல்ட் அதில் ஒரு மில்லி செகண்ட் மிச்சம் பண்ணுதுன்னே வெச்சுக்குங்க. 50 மீட்டர் தள்ளி இருக்கிற டார்கெட்டில் உங்க குறி செகண்டுக்கு 50 மி.மீ. வேகத்தில் அலையுதுன்னு வெச்சுக்கிட்டா, லாபம் 0.05 மி.மீ. முடி கனம்கூட இல்லை!

இப்ப அடுத்த கணக்கு. .22 தோட்டா செகண்டுக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்புது. அதே டப்பாவில் இருக்கிற இன்னொரு தோட்டா 315-ல் கிளம்பினா? s = ½gt² போட்டுப் பாருங்க. 50 மீட்டரில் ரெண்டுக்கும் நடுவே 7 மி.மீ.க்கு மேல் ஏற்றத்தாழ்வு வரும். 50 மீட்டர் ரைபிள் போட்டியில் 10 பாயின்ட் வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். 0.05 எங்கே, 7 எங்கே?

அதனாலதான் உலகத்தரமான ஷூட்டர்கள் தோட்டாவை டப்பா டப்பாவா வாங்கிட்டு வந்துடறதில்லை. தன் ரைபிளோட எந்த பேட்ச் ஒத்துப்போகுதுன்னு சோதிச்சுப் பார்த்து, அந்த பேட்சையே மொத்தமா வாங்குவாங்க. ரைபிளும் தோட்டாவும் ஜாதகம் பொருந்தணும்!

நம்ம மைன்ஸையே பாருங்க. பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் மண்ணை வெட்டுது, கன்வேயர் பெல்ட் கொண்டுபோகுது, ஸ்ப்ரெடர் கொட்டுது. பெல்ட் தாங்காதபோது வீலை மட்டும் வேகப்படுத்தினா நடுவில் மண் குவியுமே தவிர வேலை கூடாது. ரைபிளும் அப்படித்தான். எந்தக் கண்ணி வீக்கோ, அங்கே கை வைக்கணும்.

தாத்தா .303 சொல்லும் ரகசியம்

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நாம் பார்த்து வளர்ந்த .303, லீ-என்ஃபீல்டு குடும்பம். மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில் இங்கேயே தயாரான துப்பாக்கி. உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அதுக்கு விடை கொடுத்தது.

அதன் போல்ட் கைப்பிடியில் ஒரு நம்பர் அடிச்சிருக்கும். ரைபிளின் சீரியல் நம்பரும் அதேதான். காரணம், இந்த ரைபிளுக்கு இந்த போல்ட்னு ஃபேக்டரியிலேயே பொருத்திப் பார்த்துக் கொடுப்பாங்க. பத்து ரைபிளைத் துடைச்சுட்டு போல்ட்டை மாத்திப் போட்டா ஆர்மரர் திட்டுறது சும்மா இல்லை!

இன்னொரு வேடிக்கை கேளுங்க. மௌசர் ரைபிளில் போல்ட் முன்பக்கம் பூட்டும். லீ-என்ஃபீல்டில் பின்பக்கம் பூட்டும். அதனால் வெடிக்கும்போது லேசா நெளியும். பேப்பரில் பார்த்தா அது மைனஸ். ஆனா 900, 1000 கஜப் போட்டிகளில் இதுவே கைகொடுத்தது. அதிர்வில் பேரலின் வாய் மேலே போய்க்கிட்டிருக்கும்போது, மெதுவான தோட்டா கொஞ்சம் தாமதமா, கொஞ்சம் மேல் நோக்கி வெளியேறும். வேகமான தோட்டா சீக்கிரமா, சற்றுக் கீழே. தூரத்தில் ரெண்டும் கிட்டக்கிட்ட விழும். ஆக, 'கெட்டியான போல்ட் = நல்ல குறி'ங்கிற கணக்கு எப்பவும் செல்லாது.

அப்ப மாத்தவே வேண்டாமா?

வேண்டிய நேரமும் உண்டு.

* ஃபயரிங் பின் ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தா தட்டு ஒரே மாதிரி விழாது. வேகம் மாறும், சில சமயம் வெடிக்காமலே போகும். இதுக்கு ஸ்ப்ரிங் மாத்தினா போதும், போல்ட்டை மாத்த வேண்டாம்.

* லக் தேஞ்சுபோயிருந்தாலோ, போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவே இடைவெளி, அதாவது ஹெட்ஸ்பேஸ், அளவு மீறியிருந்தாலோ மாத்தியே ஆகணும். இங்கே பிரச்னை குறி இல்லை, உயிர். கூடு கிழிஞ்சா சூடான காஸ் பின்பக்கமா வரும். உங்க கண்ணுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருக்கிறது சில அங்குலம்தான்.

* பெரிய ரக ரைபிளில் நீண்டதூரப் போட்டிக்குப் போறவங்க, மற்ற எல்லாத்தையும் சரிபண்ணின பிறகு கடைசியா இதில் கைவைப்பாங்க.

அப்புறம் சட்டம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிய லைசென்ஸ் உள்ளவங்கதான் துப்பாக்கியை ரிப்பேர் பண்ணவோ மாற்றவோ முடியும். தெரிஞ்ச லேத் பட்டறையில் கொடுத்து 'அண்ணே, கொஞ்சம் கடைஞ்சு குடுங்க'ன்னா அண்ணனும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீங்க. என்.சி.சி. ரைபிள் அரசாங்கச் சொத்து. அதில் எந்தக் குறை இருந்தாலும் ஆர்மரர்கிட்ட சொல்றதோட உங்க வேலை முடிஞ்சது.

காசு எங்கே போகணும்?

வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கின பணமா? வரிசை இதுதான். முதலில் ரைபிளுக்குப் பொருந்துற தோட்டா. அடுத்து சுத்தமான பேரல், ஸ்டாக்கில் ஒரே அளவு இறுக்கத்தில் ஸ்க்ரூ. மூணாவது சீரான டிரிகர். நாலாவது நல்ல பேரல். போல்ட் அதுக்கும் அப்புறம்.

இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு: நீங்க! மூச்சு, பிடி, டிரிகர் அழுத்தம். தோட்டாவே இல்லாம தினமும் பழகுற ட்ரை ப்ராக்டிஸுக்குப் பைசா செலவில்லை. (ரேஞ்சில், கோச் பார்வையில், சேம்பர் காலின்னு ரெண்டு தடவை பார்த்த பிறகு!)

சந்தேகமா? பெய்ஜிங் 2008-ஐ நினைச்சுப் பாருங்க. ஃபைனலுக்கு முன் சரிபார்க்கச் சுட்டபோது தன் குறி எக்கச்சக்கமா விலகியிருந்ததுன்னு அபினவ் பிந்த்ரா பின்னாளில் சொன்னார். பதறாம சைட்டைத் திருத்தினார். கடைசி ஷாட் 10.8, மொத்தம் 700.5, கழுத்தில் தங்கம். பாரிஸ் 2024-ல் 50 மீட்டர் த்ரீ பொசிஷனில் வெண்கலம் ஜெயிச்ச ஸ்வப்னில் குசாலே, ரயில்வேயில் டிக்கெட் கலெக்டரா இருந்தவர்.

நம்ம ஏரியாவுக்கே வருவோம். கடலூரில் 1999-ல் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிள் தங்கம் எடுத்தவர். அவரே பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 ஷாட்டில் 630.7 எடுத்தும் பத்தாவது இடம். ஃபைனல் முதல் எட்டுப் பேருக்குத்தான். ஒரு ஷாட்டுக்குச் சராசரி 10.5! அந்த உயரத்தில் இருக்கிறவங்க 0.05 மி.மீ.க்குக் கவலைப்படலாம், நியாயம் இருக்கு.

உங்க அஞ்சு தோட்டா க்ரூப் இப்ப எவ்வளவு? ஒரு ஸ்கேல் வெச்சு அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்க. மூணு மாசம் பழகிட்டு மறுபடி அளங்க. அது பாதியாக் குறைஞ்சிருந்தா, போல்ட் வாங்க நினைச்ச காசில் நல்ல தோட்டா வாங்கிக்கலாம். குறையலையா? அப்பவும் போல்ட் கடைக்குப் போகாதீங்க, கோச்கிட்ட போங்க!