பஞ்சமி நிலம்: கொடுத்த கையே பறிக்கலாமா?

வரப்பை ஒரு சாண் வெட்டிச் சேர்த்துக்கொண்டால் பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டைக்குப் போகிறோம். நிலத்தையே ஏட்டில் வேறு பெயருக்கு மாற்றிவிட்டால் யாரோடு சண்டை போடுவது? மாற்றியது சர்க்கார் ஆபீஸ் என்றால் எங்கே போய் நியாயம் கேட்பது? செங்கற்பட்டுச் சீமையின் ஏழை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வரும் கேள்வி இது. அவர்கள் கேட்பது சர்க்காரே கொடுத்த பஞ்சமி நிலத்தை.

எப்படி வந்தது இந்த நிலம்?

1891-ல் செங்கற்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்தவர் டிரமென்ஹீர் என்ற ஆங்கிலேயர். தாழ்த்தப்பட்ட மக்கள் படும் பாட்டை நேரில் பார்த்து மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அந்த மக்கள் கடனுக்கு அடிமைப்பட்டுப் படியாட்களாகக் கிடந்தார்கள். தரிசு நிலம் கேட்டுத் தரக்காஸ்து மனுப் போட்டாலும் மிராசுதாரருக்கே முதல் உரிமை என்பது அன்றைய விதி. சொந்தமாக நிலம் இருந்தால்தான் இவர்கள் தலை நிமிர முடியும் என்பது அறிக்கையின் சாரம்.

அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ல் 1010-ம் எண் அரசாணை பிறந்தது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒப்படை செய்யப்பட்டதாகச் சொல்வார்கள். நிலத்தோடு நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. முதல் 10 ஆண்டுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானமாகவோ குத்தகைக்கோ கொடுக்கவோ கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். மீறினால் அந்த விற்பனை செல்லாது. சர்க்கார் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாங்கியவருக்கு நஷ்டஈடு கிடையாது.

கஷ்ட காலத்தில் ஏழை கைநாட்டு வைத்துவிட்டாலும் நிலம் அந்த மக்களை விட்டுப் போகக் கூடாது என்பதற்கே இந்தக் கட்டு.

வேலியே பயிரை மேய்ந்தது

அப்படியும் நிலம் கை மாறியது. பெட்டிக் கடைக் கடனுக்கும் கல்யாணச் செலவுக்கும் கைநாட்டு வாங்கினார்கள். ஏமாற்றியவர் ஒரு பக்கம் இருக்கட்டும். செல்லாத கிரயத்தைச் சார் பதிவாளர் ஆபீஸ் பதிந்தது. தாலுகா ஆபீஸ் பட்டா மாற்றிக் கொடுத்தது. நிபந்தனை எழுதிய பழைய 'அ' பதிவேடு அதே ஆபீஸ் அலமாரியில்தான் இருந்தது. 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். திட்டத்தில் நிலக் கணக்குகளைப் புதிதாக எழுதினார்கள். அப்போது நிபந்தனைக் குறிப்பு விடுபட்டுப்போன சர்வே எண்களும் உண்டு.

கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் அகலமானபோது, மானாவாரியாகக் கிடந்த புன்செய்க்குக்கூட மனை விலை வந்தது. ஏட்டில் மறைந்த நிலம் பிறகு கண்ணிலும் மறைந்தது. கம்பி வேலியும் காம்பவுண்டுச் சுவரும் எழுந்தன.

காரணையின் கண்ணீர்

மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராம மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரக் கேட்டுப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10-ல் செங்கற்பட்டில் திரண்டார்கள். அங்கே போலீஸ் துப்பாக்கி சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். சர்க்கார் தானே போட்ட உத்தரவை நிறைவேற்றச் சொல்லிக் கேட்டவர்களுக்கு இதுவா பதில்? இந்தக் கோபம் நியாயமானது. 30 ஆண்டு கடந்தும் அது ஆறவில்லை.

2011-ல் ஓய்வு பெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் பஞ்சமி நில மீட்புக் குழு அமைத்தார்கள். குழு அமைப்பது சுலபம். சர்வே எண் வாரியாகக் கணக்கெடுத்து ஒப்படைப்பதுதான் வேலை.

என்ன செய்யலாம்?

கோபம் காகிதத்தில் ஏறினால்தான் ஆபீஸில் அசையும்.

முதலில் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். 'டி.சி. நிலம்' என்றோ நிபந்தனை ஒப்படை என்றோ அதில் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். ஆபீஸில் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அடுத்து வில்லங்கச் சான்று வாங்குங்கள். நிலம் யார் யார் கைக்குப் போனது என்பது அதில் தெரியும்.

இவற்றை இணைத்துக் கோட்டாட்சியருக்கும் கலெக்டருக்கும் மனுக் கொடுங்கள். ஜமாபந்தியிலும் திங்கட்கிழமைக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். தனி ஆளாகப் போவதைவிட, ஒரே கிராமத்தின் எல்லாச் சர்வே எண்களையும் ஒரு பட்டியலாக்கிச் சேர்ந்து போவது பலம்.

தாழ்த்தப்பட்டவர் நிலத்தை அக்கிரமமாக அனுபவிப்பது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வழக்குச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இவர்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

வாங்குகிறவருக்கும் ஒரு வார்த்தை

கடற்கரைப் பக்கம் மலிவாக நிலம் வருகிறது என்று முன்பணம் கொடுக்குமுன் மற்றச் சிறு விவசாயிகளும் பழைய 'அ' பதிவேட்டைப் பாருங்கள். பஞ்சமி நிலமானால், பத்திரமும் பட்டாவும் கையில் இருந்தாலும் கிரயம் நிலைக்காது. வியர்வை சிந்திச் சேர்த்த பணம் போய்விடும். தெரிந்தே பதிந்து கொடுத்த அதிகாரிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அந்த நிலை மாற வேண்டும். பஞ்சமி சர்வே எண்களைக் கிராமம் தோறும் விளம்பரப் பலகையில் எழுதி வைக்கட்டும். அந்த எண்ணுக்குக் கிரயம் பதிந்தவரும், பட்டா கொடுத்தவரும் பதில் சொல்லட்டும். 1892-ல் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கிற ஏட்டை ஒளிக்காமல் திறந்து வைத்தால் போதும்.