காற்றில் குளிரும் பழைய என்ஜினுக்கு எந்த அளவு ஆயில் பம்பு?

தருமபுரி மாவட்டம் வத்தல்மலை போன்ற இடங்களில் நீர் இறைக்கவும் காப்பிப் பழம் உரிக்கவும் காற்றில் குளிரும் டீசல் என்ஜின் வசதியானது. ரேடியேட்டர் கிடையாது; குளிர்விக்கத் தண்ணீர் தேட வேண்டியதில்லை. ஆனால் சூட்டைக் கடத்தும் பொறுப்பில் ஒரு பங்கு மசகு எண்ணெய்க்கு வந்து சேருகிறது. எண்ணெய் ஓட்டம் நின்றால் பேரிங் உருகி கிராங்க் தண்டைப் பிடித்துக்கொள்ளும். என்ஜினை மலையிலிருந்து இறக்கிப் பழுது பார்த்து ஏற்றுவதற்குள் ஒரு போக சாமை வருமானம் கரைந்துவிடக்கூடும்.

ஆயில் பிரஷர் குறைந்தால், பெரிய பம்பு போடுங்கள் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இரட்டைச் சிலிண்டர் என்ஜினின் பம்பை ஒற்றைச் சிலிண்டரில் மாட்டச் சொல்வார்கள். இது பெரும்பாலும் வீண் செலவு. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவே. பேரிங்கின் குறுகிய இடைவெளியில் அந்த எண்ணெய் நெருக்கப்படும்போதுதான் பிரஷர் உண்டாகிறது. பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்ற பிறகு பம்பைப் பெரிதாக்குவது, கரை உடைந்த வாய்க்காலுக்கு மோட்டாரை மாற்றுவது போன்றது.

பம்பின் அளவு என்பது பற்சக்கரத்தின் அகலத்தைப் பொறுத்தது. மற்றவை மாறாமல் 20 மி.மீ. அகலம் 26 மி.மீ. ஆனால் எண்ணெய் 30 சதவீதம் கூடும். என்ஜினுக்குத் தேவைப்படாத எண்ணெய் ரிலீஃப் வால்வு வழியே திரும்பிவிடும். அதைத் தள்ளிய சக்தி சூடாக மாறி எண்ணெயிலேயே தங்கும். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டில் கார் என்ஜினுக்கு 1970-ஐ ஒட்டிப் பெரிய பம்பு வந்தபோது, இரண்டாவது ரிலீஃப் வால்வையும் சேர்த்து, எண்ணெய்ப் பாதைகளையும் அகலப்படுத்தினார்கள். பம்பை மட்டும் மாற்றவில்லை.

முதலில் நோயைக் கண்டறிய வேண்டும். ஆறிய என்ஜினில் பிரஷர் நன்றாக இருந்து, சூடானதும் விழுந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். அல்லது எண்ணெய் நீர்த்திருக்கலாம். அளவுகோலை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் எண்ணெயை மாற்றி, டீசல் கசியும் இடத்தை அடைக்க வேண்டும். ஆறிய நிலையிலும் பிரஷர் குறைவாக இருந்தால் எண்ணெய் மட்டம், வடிகட்டி, ரிலீஃப் வால்வு ஸ்பிரிங், பம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பம்பு மூடியின் உட்புறத்தில் பற்சக்கரம் அறுத்த தடம் இருந்தால், கண்ணாடிப் பலகை மேல் நுண்ணிய எமரித்தாள் விரித்துச் சமமாகத் தேய்த்தாலே பல பம்புகள் பிழைத்துவிடும்.

மாற்றியே தீரவேண்டுமானால் பழைய பம்பைக் கையோடு கடைக்குக் கொண்டு செல்லுங்கள். பற்களின் எண்ணிக்கை, அகலம், தண்டின் வெட்டு, சுழலும் திசை நான்கும் ஒத்திருக்க வேண்டும். மிகச் சிறிய என்ஜின்கள் சிலவற்றில் பம்பே இராது. கரண்டி போன்ற ஒரு பாகம் எண்ணெயை வாரித் தெளிக்கும். அவற்றில் எண்ணெய் மட்டம்தான் எல்லாம்.

மலையில் இன்னொன்றும் உண்டு. 3,000 அடி உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் என்ஜின் திறன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும், குளிர்ச்சியும் குறையும். எனவே முழுப் பாரம் ஏற்றாதீர்கள். சிலிண்டர் இதழ்களில் படிந்த தூசியை வாரம் ஒருமுறை துடையுங்கள்.

புதிய பம்பைப் பொருத்துமுன் அதற்குள் எண்ணெய் ஊற்றி நிரப்ப வேண்டும். பிறகு டிகம்ப்ரஷன் நெம்புகோலைத் தூக்கி வைத்து, பிரஷர் முள் அசையும் வரை கைப்பிடியால் சுற்றிய பின்பே என்ஜினைக் கிளப்ப வேண்டும்.