சீறாப்புராணமும் இசுலாமிய நாகரிகமும்

இசுலாமிய நாகரிக வரலாறு எழுதுவோர் மதீனா, பாக்தாது, கெய்ரோ, கொர்டோவா, இசுதான்புல், தில்லி என நகர்வரிசை கூறி அமைவர். தமிழகக் கடற்கரை அவ்வரிசையில் இடம்பெறுதல் அரிது. தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களோ இசுலாமியப் புலவரைத் தனி இயலொன்றில் ஒதுக்கிவிடும். இவ்விரண்டும் பொருந்தா என்பதற்கு, சாத்தூருக்குத் தெற்கே எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஒன்றே சாலும்.

உமறு பதினேழாம் நூற்றாண்டினர். எட்டயபுர அவைக்களப் புலவர் கடிகைமுத்துப் புலவரின் மாணாக்கர் என்பது மரபு. நூல் செய்யத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. (1910 முதல் 1985 வரை விருதுநகரும் சிவகாசியும் கீழக்கரையோடு ஒரே இராமநாதபுர மாவட்டத்தில் அடங்கியிருந்தன என்பதை நம் பகுதி மாணாக்கருட் பலர் அறியார்.)

நபிகள் வரலாறு கூறும் நூல்வகையை அரபியர் 'சீறத்' என்பர். எட்டாம் நூற்றாண்டில் இப்னு இசுகாக் தொகுத்ததை ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு இசாம் செப்பம் செய்தார். அச்சொல்லே 'சீறா' எனத் திரிந்து 'புராணம்' என்பதனோடு புணர்ந்தது.

5027 பாடல்களும் மூன்று காண்டங்களும் கொண்ட இந்நூலின் நாட்டுப்படலம் நுணுகி நோக்கற்பாலது. அரபுநாடு பாலை. உமறு காட்டுவதோ மலையில் மழை பொழிய, வெள்ளம் பெருகி வயலிற் பாய, உழவர் நாற்று நடும் மருதம். இது நிலவியல் அறியாமை என்பாரும் உளர். அக்கூற்று ஏற்புடைத்தன்று. நாட்டுவளம் கூறுதல் தண்டியாசிரியர் வகுத்த காப்பிய இலக்கணம். கம்பர் சரயுவைக் காவிரிபோற் பெருக விட்டதை எவரும் குறை கூறிலரே! நபிகளின் நாட்டைத் தம் நாடாகவே கண்டார் உமறு என்பதே நேரிய உரை.

தமிழும் பெற்றுக்கொண்டது. மசலா, கிசா, முனாசாத்து என்பன அரபிச் சொற்கள். நாமா பாரசீகச் சொல். இவை தமிழிற் புதிய இலக்கிய வகைகளாயின. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரமசலா வினாவிடையாய் அமைந்தது. அவ்வினாவிடைப் பொருள் அரபியிலும் பாரசீகத்திலும் மலாயிலும் வழங்கியதே. மதுரையில் 1335 அளவில் தோன்றிய சுல்தானிய ஆட்சி அரை நூற்றாண்டும் நீடித்திலது. தமிழில் நிலைத்தது கடல்வணிகரும் ஆலிம்களும் கொணர்ந்த கல்வியே என்க.

சீறாப்புராணம் நபிகள் வரலாற்றை முற்றக் கூறாது நிற்கின்றது. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச்சீறாவிற் பாடினார். ஏட்டில் இருந்த உமறுவின் நூலை 1842இல் செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றினார்.