அப்பாவின் படமும் சாயத் திரளும்



போன மாதம் ரோலாவில் ஒரு ஸ்ரூடியோவுக்கு ஒரு பழைய கலர்ப் படத்தைக் கொண்டுபோனேன். 1995 ஒக்டோபரில் வலிகாமத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது அம்மா சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த படம். முற்றத்தில் அப்பா நிற்கிறார். அவருக்கு இருப்பது அந்த ஒரு படம்தான். இங்கே அறையில் ஜன்னலுக்கு நேரே மாட்டினேன். வெயில் பட்டு முகம் வெளிறிவிட்டது. பிழை என்னுடையதுதான்.

நான் ஓ.எல். வரை படித்தவன். சாயம் ஏன் போகிறது என்று தேடியபோது அறிந்ததை எழுதுகிறேன்.

பிலிமில் உள்ள வெள்ளி உப்பு இயல்பாகப் பிடிப்பது நீலப் பக்கத்து ஒளியைத்தான். சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களையும் பிடிக்கும் என்று 1873இல் ஜெர்மனியரான ஃபோகல் கண்டார். 1936, 1937ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் கொடாக் ஆய்வுகூடத்து ஜெலியும் ஜெர்மனியில் ஷைபவும் இன்னொன்றைக் கண்டனர். சில சாயங்களைச் செறிவாகக் கரைத்தால் மூலக்கூறுகள் சரிந்த சீட்டுக்கட்டைப்போல் அடுக்காகின்றன. அப்போது அவை உறிஞ்சும் நிறமே மாறுகிறது. ஜெலியின் பெயரால் இதை ஜே-திரள் என்கிறார்கள். பச்சை, சிவப்பு ஒளியைப் பிலிமில் பிடிக்க இத்திரள்கள் உதவின.

நான் வேலை செய்வது பிளாஸ்டிக் படலத் தொழிற்சாலையில். படலத்தை ஒரு பக்கமாக இழுத்தால் உள்ளே இருக்கும் நீண்ட மூலக்கூறுகள் அந்தப் பக்கமே திரும்பும். சாயம் கலந்த படலத்திலும் திரள்களை இப்படி ஒரே திசையில் நிறுத்தலாம். ஒளி அதிரும் திசை திரளோடு ஒத்துப்போனால் நன்றாக உறிஞ்சும். குறுக்கே வந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

சாதாரண நுணுக்குக்காட்டி ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே பிரித்துக் காட்டாது. 1990களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் போல் பார்பரா குழுவினர் கண்ணாடி நாரின் கூர்முனையில் இருந்த மிகச் சிறு துளையால் ஒளி பாய்ச்சி, படலத்தை ஒட்டியபடி நகர்த்திப் பார்த்தனர். திரள்கள் மெல்லிய இழைகளாகத் தெரிந்தன. மூலக்கூறுகள் எத்திசையில் நிற்கின்றன என்பதையும் அறிந்தனர்.

ஒளியைப் பிடித்த சாயம் வேறு, தாளில் படமாக நிற்கும் சாயம் வேறு. தாளில் உள்ளதை வெயிலும் வெக்கையும் ஈரமும் அழிக்கும். போன நிறம் தாளில் திரும்பி வராது.

ஆகவே, புதிதாக வந்த குடும்பங்களே, பழைய படத்தை இன்றே பிரதி எடுங்கள். பிரதியைச் சுவரில் மாட்டுங்கள். மூலப் படத்தை இருட்டான, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நெகட்டிவ் இருந்தால் எறியாதீர்கள்.

ஸ்ரூடியோக்காரர் முடிந்தவரை திருத்தித் தந்தார். அப்பாவின் கண்கள் தெரிகின்றன. அம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டேன்.